அத்தான் போட்ட ஸ்பேர் கேபிள்

செவ்வாய், மதிய இடைவேளை

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். அங்கே அக்கா நலம் என்பது நேற்று அவள் போனில் கத்திய கத்தலிலேயே தெரிந்தது. உங்களைக் கேட்டதற்கு, "இருக்காரு, மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு உனக்குத்தான் லெட்டர் எழுதிட்டிருக்காரு" என்றாள். ஆயுசு முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கே லைன் கொடுத்த மனுஷர், சொந்த மச்சினனுக்கு மட்டும் தபால் போடுகிறீர்கள். சரி, நானும் எழுதியே தொலைக்கிறேன். போனில் சொன்னால் "ம்ம், ம்ம்" என்பீர்கள். பாதியில் அக்கா பிடுங்கிக்கொண்டு தண்ணீர் மோட்டார் கதையை ஆரம்பிப்பாள்.

உங்கள் நாலு பக்கக் கேள்வித்தாள் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவன் "யாருடா, லவ் லெட்டரா?" என்றான். அத்தான் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

நிலைமை நம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விகளைப் படித்தால் அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் பழைய எக்ஸ்சேஞ்சைப் பிரிக்கப் போகிறார்கள். இனிமேல் போன்களும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில்தான் ஓடும். மாதக் கடைசியில் நடக்கும் தேர்வில் தேறினால் உங்களுக்குப் புது நெட்வொர்க் பிரிவில் ஒரு நாற்காலி. தேறாவிட்டால் மருந்துக் கிடங்குக்கு மாற்றல். அது ஓர் இரவு ரயில் தூரம். அக்காவின் பள்ளிக்கூட வேலை, பொடிசின் படிப்பு எல்லாம் இருக்கிற ஊரிலேயே இருக்கும். நீங்கள் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டு, சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி எப்போதாவது வர வேண்டியதுதான். இவ்வளவு தலைக்கு மேல் இருக்கும்போது மனுஷர் கேட்கிற முதல் கேள்வி, "இன்டர்நெட்டுக்கு முதலாளி யாரு?"

முதலாளி கிடையாது. தேர்வில் வராது. அடுத்தது.

"ஒருத்தர் பேச ஆரம்பிச்சா அவருக்குன்னு எந்த லைன ஒதுக்குவாங்க?" என்பதை மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் ஒரே பதில்: எந்த லைனையும் ஒதுக்க மாட்டார்கள். இதை நீங்கள் நம்பாதவரை மேற்கொண்டு ஒரு பக்கமும் புரியாது. உங்கள் எக்ஸ்சேஞ்சில் டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டால், பேசி முடிக்கும்வரை அந்தப் பாதை அவர்கள் இரண்டு பேருக்குத்தான். இருவரும் வாயே திறக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் பாதை அவர்களுடையது. இங்கே அந்த ராஜ மரியாதையெல்லாம் இல்லை. பேச்சைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒட்டியிருக்கும். அந்த விலாசம்தான் ஐபி முகவரி. வழியில் இருக்கும் ரூட்டர் நெற்றியைப் பார்க்கும், அடுத்த ரூட்டர் பக்கம் தள்ளிவிடும். முழு வழியும் எந்த ரூட்டருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் அதற்கு இல்லை.

"தொலைஞ்சு போனா யாரு பொறுப்பு?" என்று கேட்டுப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வேறு. ஐபி பொறுப்பு இல்லை. நெரிசல் என்றால் ரூட்டர் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அதற்கு மேலே டிசிபி என்று ஒரு நெறிமுறை உட்கார்ந்திருக்கிறது. அது எண் போட்டு அனுப்பும், வந்து சேர்ந்ததா என்று பதில் எதிர்பார்க்கும், பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். போன் பேச்சுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. தாமதமாக வந்து சேரும் "ஹலோ"வால் யாருக்கு என்ன பிரயோஜனம்? இதைப் படித்துவிட்டு நீங்கள் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சுளியுங்கள். ஆனால் தேர்வில் இதைத்தான் எழுத வேண்டும். இதையும் குடும்ப உறவையும் ஒப்பிட்டு ஏதாவது தத்துவம் எழுதி வைத்தீர்களென்றால் மார்க் போய்விடும்.

"ஒருத்தனுக்கு ரெண்டு அட்ரஸ்னா, அவன் ரெண்டு குடும்பம் நடத்துறவனா?" என்ற கேள்வியை அக்கா பார்த்தாளா? கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அட்டைக்குத் தொழிற்சாலையிலேயே ஓர் எண்ணைப் பதித்து அனுப்புவார்கள். அது மேக் முகவரி. ஐபி முகவரி அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. உங்கள் பாஷையில் சொன்னால், போன் கருவியின் அடியில் பொறித்திருக்கும் எண் ஒன்று, எக்ஸ்டென்ஷன் நம்பர் வேறொன்று. கருவியை வேறு வார்டுக்குத் தூக்கிப்போனால் எக்ஸ்டென்ஷன் மாறும், அடியில் இருப்பது மாறாது. போதுமா?

ஸ்விட்ச் என்பது ஒரு மாடியின் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டி. கேபிள் செருகும் எந்தக் கதவுக்குப் பின்னால் எந்த மேக் எண் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். தெரியாத ஆளுக்கு ஏதாவது வந்தால், வந்த கதவைத் தவிர மற்ற எல்லாக் கதவிலும் கத்தும். உரியவன் வாங்கிக்கொள்வான், மற்றவன் பேசாமல் இருப்பான். அவ்வளவுதான் ஸ்விட்ச். இதற்கு நீங்கள் ஒன்றரைப் பக்கம் படம் போட்டிருக்கிறீர்கள். படம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் பக்கத்தில் அடிக்கோடு போட்ட கேள்வி: "இதுல ஸ்பேர் எங்க வைப்பீங்க? ஒரு கேபிள் போச்சுன்னா என்ன கதி?" அது தேர்வுப் புத்தகத்தில் பதினோராம் அத்தியாயம். தள்ளிவிடுங்கள். ஆஸ்பத்திரியின் மற்றக் கிளைகளில் நடந்த தேர்வின் கேள்விகளை அனுப்பியிருந்தீர்களே, அவற்றில் அதிலிருந்து ஒன்றுமே இல்லை. ஸ்பேருக்கு ஒரு வயர் ஜோடி இல்லாமல் நீங்கள் தூங்க மாட்டீர்கள், ஒரு வயரின் முனை தொங்கினால் சாப்பிட மாட்டீர்கள், தெரியும். என் அறைக்கு வந்திருந்தபோது மேஜைக்குப் பின்னால் தொங்கிய வயர்களையெல்லாம் ஒன்று விடாமல் கட்டி வைத்துவிட்டுப் போனீர்கள்; எது எதனுடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் புத்தியைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வையுங்கள். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள நேரமில்லை.

உங்கள் மேலதிகாரி, அந்த இஸ்திரி (சட்டை மடிப்பில் விரல் பட்டால் வெட்டிவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?), புது ஸ்விட்சுகளைப் பொருத்தும் வேலையில் உங்களையும் நிறுத்துவாரா என்று கேளுங்கள். கையால் தொட்டால்தான் இதெல்லாம் வரும்.

அடுத்த கடிதத்தில் தயவுசெய்து கேள்வியைக் குறையுங்கள். எனக்கும் வேலை இருக்கிறது. பொடிசைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மோட்டாரில் காற்று அடைத்திருக்கும் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துகொண்டிருக்கும்
உங்கள் மச்சினன்


வெள்ளி, வேலைக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். பத்து நாள் கழித்து உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரே பக்கம், இரண்டே கேள்வி. இப்படித்தான் இருக்க வேண்டும். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

சப்நெட் கணக்குகளைத் திருத்திவிட்டேன். முகவரியில் எவ்வளவு பாகம் தெரு, எவ்வளவு பாகம் வீட்டு எண் என்று பிரிக்கத் தெரிந்துவிட்டது உங்களுக்கு. இதில்தான் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் குப்புற விழுந்தார்கள். ஒன்றே ஒன்று தப்பு. கடைசி எண்ணை ஒரு போனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அது தெருவில் இருக்கும் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் எண், யாருக்கும் தரக்கூடாது. "சும்மா ஒரு நம்பர வீணாக்குவானேன்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சிக்கனத்தைத் தேர்வுத் தாளில் காட்ட வேண்டாம்.

பாக்கெட் வழி தவறிச் சுற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று கேட்டது நியாயமான கேள்வி. ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் எண் இருக்கிறது. தாண்டும் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்ஜியம் ஆனதும் கழித்த ரூட்டரே தூக்கி எறிந்துவிடும். போன தடவை நான் சொன்ன, பாக்கெட்டைக் கீழே போடுவதற்கே "பாவம்" என்று எழுதியிருப்பவர் நீங்கள். பாக்கெட்டுக்குப் பாவம் பார்க்கிற மனுஷரை நான் இதுவரை கண்டதில்லை. எறியாவிட்டால் அது சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், மற்றதற்கு வழி இருக்காது. யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இங்கே வழக்கமான கூத்துதான். சர்வர் அறையில் குளிர் எலும்பைக் கடிக்கிறது. அதற்கென்று வைத்திருந்த ஸ்வெட்டரை அறைத் தோழன் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டான். வெயில் காலத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டால், கலர் பிடித்திருந்ததாம். இவனோடு குப்பை கொட்டுகிற எனக்கு உங்கள் கேள்விகள் எவ்வளவோ தேவலை.

இஸ்திரி உங்களைப் பதிவு கவுன்டருக்குப் பின்னால் ஸ்விட்ச் பொருத்தும் வேலையில் சேர்த்துக்கொண்டது நல்ல செய்தி. காண்ட்ராக்ட் ஆட்கள் கேபிள்களைக் கண்டபடி தொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அழாத குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அப்படித்தான். நீங்கள் ஒழுங்குபடுத்துங்கள், கை பழகும்.

அக்கா போன் செய்தாள். பொடிசு உங்களுக்கு டெஸ்ட் வைக்கிறதாம், தப்புச் சொன்னால் டீ கிடையாதாம். நடுவில் சாதாரணமாகச் சொல்வது போல, மாடியில் பழைய டிரங்குப் பெட்டியைக் காயப் போட்டிருப்பதாகச் சொன்னாள். எதற்கு என்றேன். "பூஞ்சை புடிச்சிருந்துச்சு, அதான்" என்றாள். நான் நம்பிவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

தேறிவிடுவீர்கள். வேறு பேச்சு வேண்டாம்.

இப்படிக்கு,
பரவாயில்லை என்று நினைக்கத் தொடங்கியிருக்கும்
உங்கள் மச்சினன்


ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கும் நிலையில் நானும் இல்லை, பதில் சொல்லும் நிலையில் நீங்களும் இருக்க மாட்டீர்கள்.

அக்கா சொன்னதை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். பதிவு கவுன்டருக்குப் பின்னால் இரண்டு ஸ்விட்சுகள். இரண்டையும் இணைத்து ஏற்கெனவே ஒரு கேபிள் ஓடுகிறது. பக்கத்தில் இன்னொரு கேபிள், ஒரு முனை ஒரு ஸ்விட்சில் செருகியிருக்கிறது, மறு முனை தரையில் கிடக்கிறது. நீங்கள் பார்த்தீர்கள். தாங்கவில்லை. ஸ்பேராக இருக்கட்டும் என்று அந்த முனையை எடுத்து மற்ற ஸ்விட்சில் செருகி, அழகாகக் கட்டி, சீட்டும் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனீர்கள். திரும்பி வருவதற்குள் கவுன்டர் கம்ப்யூட்டர்கள் எல்லாம் உறைந்துவிட்டன. புதுப் போன்கள் ஊமை. மருந்துக் கடையில் சீட்டைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வரிசை வாசல் வரை நின்றது. பழைய எக்ஸ்சேஞ்சை இன்னும் பிரிக்காததால் வார்டுகளுக்குப் போன் இருந்தது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல காலம்.

எல்லாரும் இன்டர்நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்விட்சில் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறி பிடித்த மாதிரி மின்னுவதை நீங்கள் பார்த்து, உங்கள் கேபிளைப் பிடுங்கியிருக்கிறீர்கள். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. இதுவரை ஒரு மனுஷரும் உங்களைக் கவனிக்கவில்லை. இன்டர்நெட் கம்பெனிக்காரனே மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தானாம். நீங்கள் பிடுங்கிய கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு நேராக மேலதிகாரி அறைக்குப் போய், "சார், இது நான் போட்டது" என்றிருக்கிறீர்கள்.

அக்கா அதைச் சொல்லும்போது அழுதாளா திட்டினாளா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "ஒரு ஆளு பாக்கலடா! ஒரு ஆளு! இவரே போயி தாம்பாளத்துல வெச்சுக் குடுத்துட்டு வந்திருக்காரு" என்றாள். இப்போது எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் தேர்வு எழுத விடுவதா, நேராகக் கிடங்குக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்களாம். அதனால் என் கம்பெனி தாளில், அந்த ஸ்விட்சே பழுதானது, இவர் மேல் குற்றமில்லை என்று நான் எழுதித் தர வேண்டுமாம். "நீ படிச்ச படிப்புக்கு ஒரு லெட்டர் எழுத முடியாதா?" என்று கேட்டாள்.

முடியாது. நான் கண்ணால் பார்க்காத பெட்டியைப் பழுது என்று எழுத மாட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். நீங்களே அவளுக்குச் சொல்லிப் புரிய வையுங்கள். உண்மையே உங்களுக்குப் போதும், ஆனால் அதை நீங்கள் புரிந்துகொண்டு சொல்ல வேண்டும். அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். நானும் பொறுமையாக எழுதுகிறேன்.

தெரியாத ஆளுக்கு வந்தால் ஸ்விட்ச் எல்லாக் கதவிலும் கத்தும் என்று எழுதியிருந்தேன். எல்லாரையும் கூப்பிடும் எண்ணுக்கு வந்தாலும் அதேதான். இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே ஒரே கேபிள் இருந்தால் அந்தக் கூச்சல் அந்தப் பக்கம் போய் அடங்கிவிடும். இரண்டு கேபிள் இருந்தால், முதலாவதில் போன கூச்சல் இரண்டாவது வழியாகத் திரும்பி வரும். முதல் ஸ்விட்ச் அதைப் புதுக் கூச்சல் என்று நினைத்து மறுபடி கத்தும். அதுவும் திரும்பி வரும். ரூட்டர் ஒன்றைக் கழிக்கும், பூஜ்ஜியமானால் பாக்கெட் சாகும் என்று சொன்னேனே, அது ரூட்டருக்கு. ஸ்விட்சுகளுக்குள் கழிக்க ஆளே இல்லை. ஆகவே ஒரு கூச்சலும் சாகாது. சேர்ந்துகொண்டே போய், வேறு எதுவும் நுழைய இடமில்லாமல் அடைத்துவிடும். நீங்கள் பார்த்த விளக்கு அதுதான். உங்கள் தொழிலில் ஸ்பேர் ஜோடியின் இரண்டு முனையையும் கட்டி வைத்தால் அது சும்மா கிடக்கும். இங்கே செருகிய எதுவும் சும்மா கிடக்காது.

ஆனால் ஸ்பேர் வேண்டும் என்று நினைத்தது தப்பில்லை. பெரிய நெட்வொர்க் எதிலும் இரண்டாவது கேபிள் இருக்கும். அதற்கென்று ஒரு நெறிமுறை இருக்கிறது. ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, சுற்று வழி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு கேபிளைத் தூங்க வைத்துவிடும். முதல் கேபிள் அறுந்தால் மட்டும் அதை எழுப்பும். அது இயங்கியிருந்தால் உங்கள் கேபிள் செருகியதே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே அந்தப் பெட்டிகளில் அது இயங்கவில்லை. அணைத்து வைத்தார்களா, பெட்டியிலேயே கிடையாதா, எனக்குத் தெரியாது. காண்ட்ராக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். பழி போடுகிற குரலில் வேண்டாம். உங்கள் சாதாரணக் குரலிலேயே கேளுங்கள், அதுவே போதுமான அளவுக்கு நச்சரிப்பாக இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் வியாழக்கிழமை கொடுக்கப்போகும் விளக்கத்தை அக்கா படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறீர்கள். கடைசிக்கு முந்தைய வரி: "இரட்டை இணைப்பு பற்றிய பாடத்தை எனது அலட்சியத்தால் படிக்காமல் விட்டுவிட்டேன்."

பொய்க் கடிதம் எழுத மாட்டேன் என்று அக்காவிடம் அவ்வளவு வீரம் பேசியிருக்கிறேன். நீங்கள் என்னடாவென்றால் அதற்குள் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறீர்கள். யாரைக் கேட்டு எழுதினீர்கள்? அலட்சியமாம். ஒன்றரைப் பக்கம் ஸ்விட்ச் படம் போட்ட மனுஷருக்கு அலட்சியமாம்.

அந்த வரியை அடியுங்கள். உங்கள் முதல் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன், அடிக்கோடு போட்ட கேள்வி அதில் இருக்கிறது. அதற்கு வந்த பதில் உங்களிடம் இருக்கும். நீங்கள் எதையும் தூக்கிப்போடுகிறவர் இல்லை. இரண்டையும் விளக்கத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கேட்டது யார், தள்ளிவிடு என்றது யார் என்று உங்கள் மேலதிகாரியே பார்த்துக்கொள்ளட்டும். என் பதவி, நான் வேலை பார்க்கும் இடம், போன் நம்பர் எல்லாம் தனித் தாளில் எழுதியிருக்கிறேன், கூப்பிட்டுக் கேட்கட்டும். அந்தக் கடிதத்தில் அவரை இஸ்திரி என்று எழுதியிருக்கிறேன். அந்த இடத்தை மட்டும் மை வைத்து மறைத்துவிடுங்கள். மறைக்காவிட்டாலும் பரவாயில்லை, என்னை அவரால் கிடங்குக்கு மாற்ற முடியாது.

நேரத்துக்குச் சேர வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். பதினோராம் அத்தியாயம் முழுவதையும் என் கையால் எழுதி, படம் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் படம் அளவுக்கு வரவில்லை. ஒரு வரியையும் தள்ளாமல் படியுங்கள். மாடியில் காயும் பெட்டியை நீங்களே தூக்கிப் பரணில் போட்டுவிடுங்கள். அக்கா கேட்டால் பூஞ்சை போய்விட்டது என்று சொல்லுங்கள்.

போன கடிதம் எழுதி ஒன்பது நாளாகிறது, உங்களிடமிருந்து தபால் இல்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தபால் பெட்டியைப் பார்த்தேன். அத்தான், கேள்வி எழுதுங்கள். நாலு பக்கம் எழுதுங்கள், ஒரே கேள்வியை மூன்று இடத்தில் கேளுங்கள். இன்டர்நெட்டுக்கு முதலாளி யார் என்றே கேளுங்கள். உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கேள்விக்குக் காத்திருக்கும்
மச்சினன்